சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசித்தல்

மாணவர்களே, கூட்டுறவு முயற்சிகள் என்ற அலகிலிருந்து வரும் வினாக்கள் இலகுவானவை எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். றொச்டேல், 1844, 28 முன்னோடிகள், ஏழு கோட்பாடுகள் என மனனஞ் செய்து ஒப்புவித்தால் முழுப் புள்ளியும் கிடைக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. வரைவிலக்கணம் கேட்டால் கிடைக்கும். ஆனால் ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கைத் தரவுகளைத் தந்து, "இச்சங்கம் இவ்வாண்டில் முன்னேறியுள்ளதா? காரணம் காட்டுக" என்று கேட்டால் அதே மாணவர்கள் தடுமாறுகின்றனர். இப்பாடம் அவர்களுக்காகவே எழுதப்படுகின்றது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஏழை விவசாயிகள் வட்டிக்காரரிடம் சிக்காமல் தமக்குள்ளேயே பணம் சேர்த்துத் தமக்குள்ளேயே கடன் கொடுக்கும் முறையை ஜேர்மனியின் கிராமங்களில் 1860களில் உருவாக்கியவர் பிரெட்றிக் வில்ஹெல்ம் றைபைசன் ஆவார். றொச்டேல் முன்னோடிகள் நடத்தியது கடை. றைபைசன் நடத்தியது கடன் சங்கம். இவ்விரண்டையும் குழப்பி எழுதுவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றனர். இலங்கையில் 1906 இல் கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியில் தோன்றிய சங்கமே முதலாவது கடன் கூட்டுறவுச் சங்கமாகக் கொள்ளப்படுகிறது. 1911 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்குச் சட்ட அந்தஸ்தை வழங்கியது. அதாவது இந்நாட்டின் கூட்டுறவு கடையில் அன்றிக் கடனில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பங்கீட்டுப் பொருள் விநியோகத்துக்காகக் கடைகள் பெருகின. 1957 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்னணிக்கு வந்தன. கடனுதவு சங்கங்கள் பின்தள்ளப்பட்டன. 1978 முதல் பி.ஏ. கிரிவந்தெனிய அவர்களின் முயற்சியால் அவை 'சணச' என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்றன. தற்போது நடைமுறையிலுள்ள அடிப்படைச் சட்டம் 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாணத்துக்குள் இயங்கும் சங்கங்களின் பதிவு, மேற்பார்வை, கணக்காய்வு ஆகியன மாகாண சபைகளுக்குரிய விடயங்களாயின.

இங்கு ஒரு மயக்கத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். ஊரிலுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் வேறு, 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் ஒரு பிரிவாக இயங்கிவரும் கூட்டுறவுக் கிராமிய வங்கி வேறு, 1997 இல் தொடங்கப்பட்ட சணச அபிவிருத்தி வங்கி வேறு. மூன்றாவது மட்டுமே மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கியாகும். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டம் அனுமதிபெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரியது. ஊர்ச் சங்கத்தின் சேமிப்புக்கு அப்பாதுகாப்பு இல்லை. ஆகவே சங்கம் சரியாக நடக்கின்றதா எனப் பார்க்கும் பொறுப்பு பெருமளவில் அங்கத்தவர் கையிலேயே உள்ளது. ஆண்டறிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

உதாரண அறிக்கை

பயிற்சிக்காக ஒரு கிராமத்துச் சங்கத்தைக் கற்பனை செய்து கொள்வோம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நெறியாளர் சபை பின்வரும் விபரங்களை வாசிக்கின்றது. முதலில் வருவது சென்ற ஆண்டு, அடுத்தது இவ்வாண்டு.

அங்கத்தவர்: 412 – 436
பங்கு மூலதனம்: ரூபா 824,000 – 872,000
அங்கத்தவர் சேமிப்பு: ரூபா 6,400,000 – 7,168,000
ஆண்டில் வழங்கிய கடன்களின் எண்ணிக்கை: 140 – 118
ஆண்டில் வழங்கிய கடன் தொகை: ரூபா 4,200,000 – 5,310,000
ஆண்டிறுதியில் வெளிநிற்கும் கடன்: ரூபா 5,200,000 – 6,240,000
அதில் தவணை தவறியவை: ரூபா 260,000 – 624,000
தேறிய இலாபம்: ரூபா 310,000 – 372,000

தலைவர் தமது உரையில், "சேமிப்பு 12 வீதம், கடன் 20 வீதம், இலாபம் 20 வீதம் வளர்ந்துள்ளன, பங்குகளுக்கு 10 வீதம் பங்கிலாபம் வழங்கலாம்" என்கிறார். மண்டபத்தில் கைதட்டல் எழுகின்றது. அவர் கூறிய எண்களில் பிழை ஒன்றும் இல்லை. நீங்களே கணித்துப் பாருங்கள், சரியாக வரும். அவர் கூறாமல் விட்டவையே நமக்கு வேண்டியவை.

சேமிப்பிலிருந்து தொடங்குவோம். மொத்தச் சேமிப்பு 12 வீதம் கூடியுள்ளது. ஆனால் அங்கத்தவரும் 24 பேரால் கூடியுள்ளனர். ஓர் அங்கத்தவரின் சராசரிச் சேமிப்பு சென்ற ஆண்டு ஏறத்தாழ 15,534 ரூபா, இவ்வாண்டு 16,440 ரூபா. அதிகரிப்பு 6 வீதத்துக்கும் குறைவு. இதனைப் பொருள் விலையோடும் ஒப்பிட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நாட்டின் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அப்படியான ஓர் ஆண்டில் சேமிப்பு 12 வீதம் கூடியது என்று எந்தச் சங்கமாவது பெருமைப்பட்டிருந்தால், அந்தப் பணத்தால் வாங்கக்கூடிய அரிசியும் மாவும் உண்மையில் வெகுவாகக் குறைந்திருக்கும். பெயரளவு வளர்ச்சி, மெய் வளர்ச்சி என்ற வேறுபாட்டை இவ்விடத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். விடைத்தாள் திருத்துபவர் அதனைக் கவனியாமல் விடமாட்டார்.

அடுத்து கடன். தொகை கூடியுள்ளது, எண்ணிக்கை குறைந்துள்ளது. சென்ற ஆண்டு சராசரிக் கடன் 30,000 ரூபா; இவ்வாண்டு 45,000 ரூபா. ஒருவருக்கு ஒரு கடன் எனக் கொண்டால், சென்ற ஆண்டு அங்கத்தவரில் 34 வீதமானோர் கடன் பெற்றனர்; இவ்வாண்டு 27 வீதமானோரே பெற்றுள்ளனர். புதிதாக ஆட்கள் சேர்கின்றார்கள், ஆனால் சேவை சிலரிடமே போய்ச் சேர்கின்றது. பெரிய கடன் கேட்பவர் யார்? கடை வைத்திருப்பவர், வாகனம் வாங்குபவர். பதினையாயிரம் ரூபா கேட்டு வருபவர் யார்? கோழி வளர்ப்பவர், தையல் இயந்திரம் வாங்கப் பார்க்கும் விதவைத் தாய், பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் தகப்பன். இரண்டாமவர் வரிசையில் பின்னுக்குப் போனால் சங்கம் இலாபத்தில் வளர்ந்திருக்கும், ஆனால் தான் எதற்காகத் தோன்றியதோ அதிலிருந்து விலகியிருக்கும். பெரிய கடனெல்லாம் தவறு என்று இதற்குப் பொருளில்லை. தந்திருக்கும் தரவு இந்தக் கேள்வியை எழுப்புகின்றது என்று எழுதினாற் போதும், தீர்ப்புக் கூறிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் அறிக்கையின் நோவுள்ள இடம். வெளிநிற்கும் கடனில் தவணை தவறியவை சென்ற ஆண்டு 5 வீதம், இவ்வாண்டு 10 வீதம். கடன் 20 வீதம் வளர்ந்தபோது தவறிய கடன் 140 வீதம் வளர்ந்துள்ளது. இலாபத்தைக் கணித்தபோது அறவிடமுடியாக் கடனுக்கென எதுவும் ஒதுக்கப்படவில்லை எனக் கொள்வோம். முன்னெச்சரிக்கை எண்ணக்கருவின்படி தவறிய கடனில் அரைவாசிக்கு, அதாவது 312,000 ரூபாவுக்கு, ஏற்பாடு செய்தால் 372,000 ரூபா இலாபம் 60,000 ரூபாவாகச் சுருங்கும். உபவிதிப்படி நாலிலொரு பங்கு ஒதுக்குநிதிக்குச் செல்ல வேண்டும் என வைத்தால் 15,000 போக மீதி 45,000. தலைவர் அறிவித்த 10 வீதப் பங்கிலாபத்துக்கோ 87,200 ரூபா வேண்டும். கைதட்டியவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே தங்களுக்குப் பங்கிலாபம் வாங்கப் போகின்றார்கள்.

கணக்கீடு பாடத்தில் ஐயக்கடன் ஏற்பாட்டை நாட்குறிப்புப் பதிவாக மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கவும். அந்த ஒற்றைப் பதிவு ஒரு கிராமத்தின் சேமிப்பைக் காக்கின்றது.

இன்னொன்று: கடனுக்கும் சேமிப்புக்கும் உள்ள விகிதம் 81 வீதத்திலிருந்து 87 வீதமாக உயர்ந்துள்ளது. பாடசாலை தொடங்கும் மாதத்தில் அல்லது வெள்ளம் வந்த வாரத்தில் பலர் ஒன்றாகச் சேமிப்பை எடுக்க வந்தால் கையிருப்புப் போதுமா? திரவத்தன்மை என்ற சொல்லை இங்கு பயன்படுத்துங்கள்.

வட்டியைக் கணித்தல்

அங்கத்தவருக்கான சேவையை அளக்கும் மிகத் தெளிவான அளவுகோல் வட்டி. ஆனால் வீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 50,000 ரூபா கடன், பத்து மாதத் தவணை, மாதம் 1.5 வீதம் என்று கொள்வோம். சங்கம் குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி எடுத்தால் முதல் மாதம் 750, அடுத்த மாதம் 675, இவ்வாறு குறைந்து கடைசி மாதம் 75. மொத்தம் 4,125 ரூபா. அதே 1.5 வீதத்தை முழுத்தொகைக்கும் பத்து மாதமும் எடுக்கும் நிறுவனத்தில் 7,500 ரூபா. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒரே வீதம்தான்! வாரத் தவணை, சேவைக் கட்டணம், காப்புறுதி என்பன சேரும்போது வித்தியாசம் இன்னும் கூடும். போருக்குப் பின் வடக்கு கிழக்கில் வீடுவீடாக வந்து கொடுக்கப்பட்ட நுண்நிதிக் கடன்களில் பல பெண்கள் சிக்கிய வரலாறு உங்களிற் பலருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். 2016 இல் நுண்நிதிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்களிலும் கடனுதவு சங்கங்கள் இருந்தன. சங்கத்தில் கடன் பெறப் பங்கு எடுத்திருக்க வேண்டும், சில மாதம் சேமித்திருக்க வேண்டும், இரு பிணையாளிகள் வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இவ்வளவு பொறுமை ஏது? கூட்டுறவுக் கடனின் குறைபாடுகளைக் கேட்டால் இதையும் எழுதுங்கள். நன்மைகளை மட்டும் அடுக்கிய விடை அரைவிடைதான்.

பிணை பற்றி ஒரு வார்த்தை. எனது தாயார் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அயலவர் ஒருவருக்குப் பிணை நின்றார். அவர் கட்டாமற் போக, ஐந்து மாதத் தவணையைத் தம் சேமிப்பிலிருந்து அம்மாவே கட்டினார். அந்த ஆண்டு எனது ரியூசன் காசு மூன்று மாதம் பிந்தியது. ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் எனது அக்காவின் படிப்புக்கு அதே சங்கத்தில் கடன் கேட்டபோது, கையொப்பமிட முதலில் வந்தவர்களில் ஒருவர் அந்த அயலவரின் மனைவி. றைபைசனின் முறை இயங்குவது இந்த அறிமுகத்தில்தான்: கடன் வாங்குபவரைக் கொடுப்பவருக்குத் தெரியும். அதே அறிமுகம் பலவீனமாகவும் மாறும். தவணை தவறியவர் நெறியாளர் ஒருவரின் உறவினர் என்றால் கேட்கத் தயங்குவார்கள். 260,000 ரூபா 624,000 ஆவது பெரும்பாலும் இந்தத் தயக்கத்தினாலேயே.

பரீட்சையில் அடிக்கடி காணும் பிழைகள் சில. "அதிக பங்கு உள்ளவருக்கு அதிக வாக்கு" என எழுதுவது கம்பனிக்குப் பொருந்தும். இங்கு ஒருவருக்கு ஒரு வாக்கே. இலாபத்தைப் பகிரும் முடிவை எடுப்பது முகாமையாளரோ தலைவரோ அல்லர். சட்டத்துக்கும் உபவிதிக்கும் உட்பட்டுப் பொதுச்சபையே. கணக்காய்வு முடிந்த கணக்கையே கூட்டத்தில் சமர்ப்பிக்க வேண்டும். "சங்கத்தை அரசாங்கம் நடத்துகின்றது" என்பதும் தவறு. கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் பதிவு செய்கின்றது, மேற்பார்வை செய்கின்றது, உடைமை அங்கத்தவருடையது.

மாதிரி வினா

மேலே தந்த அறிக்கை வாசிக்கப்பட்ட பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஓர் அங்கத்தவர் எனக் கொள்க.

(அ) தலைவரிடம் நீங்கள் கேட்கும் மூன்று கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான எண்ணுடன் எழுதுக. (6 புள்ளிகள்)

விடைக்கான குறிப்பு: "கடன் ஏன் தவறியது?" என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளிதான். "தவறிய கடன் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியுள்ளது, இலாபத்தைக் கணிக்கும்போது இதற்கு ஏற்பாடு செய்யப்பட்டதா?" என எழுதினால் இரண்டு புள்ளிகளும் உங்களுக்கே. மற்றை இரு கேள்விகளையும் இவ்வாறே அமைத்துக் கொள்ளுங்கள்.

(ஆ) பங்கிலாபத்தை 10 வீதத்திலிருந்து 4 வீதமாகக் குறைக்கவேண்டும் என ஓர் அங்கத்தவர் பிரேரிக்கின்றார். அதற்குத் தேவைப்படும் தொகையைக் கணித்து, ஏற்பாடும் ஒதுக்குநிதியும் போக எஞ்சும் 45,000 ரூபாவுடன் ஒப்பிட்டு, பிரேரணையை ஆதரிப்பீர்களா எனக் கூறுக. (4 புள்ளிகள்)

(இ) புதிதாகச் சேர்ந்த அங்கத்தவர் ஒருவர் 15,000 ரூபா கடன் கேட்கின்றார், பிணையாளிகள் இல்லை. சங்கத்தின் பாதுகாப்பையும் அவரது தேவையையும் கருத்திற் கொண்டு நெறியாளர் சபை எடுக்கக்கூடிய இரு தீர்மானங்களை விளக்குக. (5 புள்ளிகள்)