கிணற்று நீர் உவர்ப்பதேன்?

கீழ்வகுப்புச் சிறுவர் நம்மிடம் கேட்கும் வினாக்களுள் யாழ்ப்பாண மண்ணுக்கே உரியது ஒன்றுண்டு: "ஐயா, மாரியில் நன்னீராயிருந்த கிணறு கோடையில் உவராவதேன்?" கடல் அண்மையிலிருப்பதால் என்று விடையிறுத்தல் எளிது. அவ்விடையாற் குழந்தை புதிதாய் யாதும் அறிவதில்லை.

நாம் முதலிற் கோழிமுட்டையொன்றைக் கொண்டுவரச் சொல்வோம். (அன்றிட்ட முட்டையாயிருத்தல் வேண்டும், பழைய முட்டை நன்னீரிலும் மிதந்து ஆசிரியரைத் தலைகுனியச் செய்யும்.) கண்ணாடிக் குவளையிலுள்ள நன்னீரில் அஃது அமிழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவரின், ஒரு நிலையில் மெல்ல மேலெழுந்து மிதக்கும். உப்புநீர் நன்னீரினுங் கனமானது என்பதைச் சிறுவர் தாமே கூறிவிடுவர்.

இனி நிலத்தினடியிற் செல்லலாம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நம் குடாநாட்டில், ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மழைநீரே சுண்ணாம்புக்கல் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள கனத்த உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடன்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் உவர்நீர் 40 அடி ஏறிவரும்! துலாவினால் இறைத்த காலத்தில் இறைப்பவனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இவ்விடத்தில், "எங்கள் வீட்டு இயந்திரத்தை நிறுத்தினால் உவர் இறங்குமா?" என்று ஒரு சிறுவன் கேட்பான். இறங்கும், ஆனால் மெல்லவே இறங்கும், மாரிமழையும் வேண்டும் என்போம். நிறுத்துவது தந்தையார் கையிலுள்ளது. அத்தந்தையருட் பலர் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரே.