கிளாட் எழுதப் போகிறீர்களா?

திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர கிளாட் தேர்வு எழுத வேண்டும். வேலூர், ஆம்பூர் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்:

● 120 கேள்விகள், 2 மணி நேரம். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். துளியும் தெரியாததை விட்டுவிடுங்கள்.

● வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே; பத்தியைப் படித்து விடை சொல்ல வேண்டும். ஆம்பூர் - வேலூர் பஸ்ஸில் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படித்து, சாரத்தைத் தமிழில் இரண்டே வரியில் சொல்லிப் பாருங்கள். வரவில்லையா? மறுபடி படியுங்கள்.

● சட்டப் பகுதிக்கு மனப்பாடம் வேண்டாம்; கொடுத்த விதியைச் சம்பவத்தில் பொருத்தினால் போதும். பயிற்சிக்கு நம்மூர் வழக்கே இருக்கிறது: தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு. ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்பது விதி. தொழிற்சாலையை மூடிய பிறகு கிணற்று நீர் கெட்டது தெரியவந்தால்? இரு தரப்புக்கும் வாதாடிப் பாருங்கள்.

● கணக்கு சுமார் 10 சதவீதம்தான். பத்தாம் வகுப்பு விகிதம், சதவீதக் கணக்குகளைப் புரட்டுங்கள்.

● வேலூர் அரசு சட்டக் கல்லூரிக்கு கிளாட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள்.