பெரிய திரையும் சிறிய தவணையும்

கடந்த ஆண்டு ஒரு பிற்பகலில் இளம் தம்பதியர் இருவர் வீட்டுக் கடன் கோரி எங்கள் கிளைக்கு வந்தனர். இருவருக்கும் நிலையான ஊதியம் இருந்தது. ஆவணங்கள் யாவும் ஒழுங்காக இருந்தன. ஆயினும் கணவரின் கடன் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஈராண்டுகளுக்கு முன்பு அவர் தவணை முறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தார். இடையில் பணி மாறியதால் ஊதியக் கணக்கும் மாறிவிட்டது. பழைய கணக்கில் பணமின்றிக் கடைசி இரண்டு தவணைகள் திரும்பியிருந்தன. கைப்பேசி எண்ணும் மாறிவிட்டமையால் நினைவூட்டல்கள் அவரை எட்டவில்லை. நிலுவை நான்காயிரம் ரூபாய்க்கும் குறைவே. “அந்தக் கடன் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன், சார்!” என்று அவர் திகைத்தார்.

அந்த நான்காயிரத்தின் உண்மையான விலையைக் கணக்கிட்டுக் காட்டினேன். இன்று பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியைக் கடன் மதிப்பெண்ணோடு இணைத்துள்ளன. 30 லட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டி 8.50 விழுக்காடானால் மாதத் தவணை 26,035 ரூபாய். அதுவே 8.75 ஆனால் 26,511 ரூபாய். மாதத்துக்கு 476 ரூபாய் வேறுபாடு என்பது சிறியதாகத் தோன்றும். 240 மாதங்களுக்குக் கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினான்காயிரத்தைத் தாண்டுகிறது. அவர் வாங்கிய தொலைக்காட்சியைப் போல இரண்டு வாங்கலாம்.

தொலைக்காட்சி வாங்குவதைப் பற்றி ஒரு வங்கி அலுவலர் எழுதுவதற்கு இதுவே காரணம். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதும் பணத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே முடிவின் இரு பாதிகள். கடைக்காரர் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசுவார்.

சுவரை முதலில் அளப்போம்

பெரிய திரை என்று இன்று சொல்லப்படுவது 43 அங்குலத்தில் தொடங்கி 55, 65 என்று செல்கிறது. இந்த அளவு திரையின் மூலைவிட்டம், அகலம் அன்று. 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர், உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். 43 அங்குலத்துக்கும் 55 அங்குலத்துக்கும் வேறுபாடு பன்னிரண்டு அங்குலம்தானே என்று எண்ண வேண்டாம். பரப்பளவில் பின்னது ஏறத்தாழ 64 விழுக்காடு பெரியது.

திரையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது விலைப்பட்டியல் அன்று. அமரும் இடத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவு. மூலைவிட்டத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குத் தொலைவில் அமர்வது கண்ணுக்கு இதமானது. அவ்வாறாயின் 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி, 55 அங்குலத்துக்கு ஏழு அடி, 65 அங்குலத்துக்கு எட்டு அடிக்குச் சற்று மேல் தேவை. மும்பையில் பணியாற்றிய நாள்களில் நான் குடியிருந்த வீட்டுக் கூடத்தின் அகலமே பத்து அடிதான். சோபாவைப் போட்டபின் எஞ்சியது ஏழு அடி. அங்கே 65 அங்குலத் திரை என்பது முன்வரிசையில் அமர்ந்து திரைப்படம் பார்ப்பதைப் போன்றதே.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பழைய நாளிதழ்களை 122-க்கு 68 சென்டிமீட்டர் அளவில் ஒட்டிச் சுவரில் பொருத்துங்கள். மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டிலுள்ள முதியோர் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து பார்க்கட்டும். கழுத்தை உயர்த்த வேண்டியிருந்தால் பொருத்தும் உயரம் தவறு. அமர்ந்தவரின் கண்மட்டத்தை ஒட்டித் திரையின் நடுப்பகுதி இருப்பதே நல்லது. கடையிலிருந்து வரும் பணியாளர் துளையிட்டபின் இதைச் சொல்லிப் பயனில்லை.

திரையில் எதைப் பார்க்கப்போகிறோம் என்பதும் ஒரு கேள்வி. 4கே திரையில் 3840-க்கு 2160 என்ற கணக்கில் ஏறத்தாழ 83 லட்சம் படப்புள்ளிகள் உண்டு. முழு எச்டி திரையில் ஏறத்தாழ 21 லட்சம். 50 அங்குலத்துக்கு மேல் 4கே திரையே பொருத்தம். இன்று அந்த அளவில் வேறு வகை கிடைப்பதும் அரிது. ஆனால் டிஷ் வழியே வரும் சாதாரண அலைவரிசைகளை மட்டும் பார்க்கும் வீட்டில், திரை பெரிதாகப் பெரிதாகப் படம் மங்கலாகத் தோன்றும். இல்லாத புள்ளிகளைத் திரையால் உண்டாக்க முடியாது. என் தாயார் நாள்தோறும் மாலையில் பார்ப்பது நாடகத் தொடர்கள். அவருக்கு 43 அங்குலமே போதும் என்று முடிவு செய்தோம். அவர் குறை சொல்லவில்லை.

விளம்பரச் சொற்களும் உண்மையும்

குறைந்த விலைப் பெட்டிகளின் அட்டைகளில் சொற்கள் மிகுதி. அவற்றுள் இரண்டு மூன்றை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, திரைத்தகட்டின் வகை. ஐபிஎஸ் வகைத் தகட்டில் பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் இருண்ட அறையில் கருமை சற்றுச் சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் கருமை ஆழமானது. பக்கவாட்டில் நிறம் வெளிறும். நம் வீடுகளில் இருவர் சோபாவிலும் நால்வர் தரையிலும் ஒருவர் சமையலறை வாசலிலும் நின்று பார்க்கிறோம். ஆகவே கடையில் நேர் எதிரே நின்று மட்டும் பார்க்காமல் இருபுறமும் நகர்ந்து பார்க்க வேண்டும். க்யூஎல்இடி என்பது நிறத்தைச் செம்மையாக்கும் ஒரு படலம் சேர்ந்த எல்இடி திரையே. ஓஎல்இடி என்பது முற்றிலும் வேறு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. விலையும் வேறு தளத்தில் நிற்பது. எழுத்துகள் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.

இரண்டாவது, ஒளிர்வு. எச்டிஆர் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், 300 நிட் அளவுக்கு மட்டும் ஒளிரும் திரை அந்தச் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளுமே தவிர அதன் பொலிவை முழுதும் காட்டாது. பகலில் சன்னல் வெளிச்சம் திரையில் விழும் கூடமாயின் ஒளிர்வு இன்னும் இன்றியமையாதது. கடையில் எல்லாப் பெட்டிகளும் மிகைப்படுத்திய கடைக்காட்சி முறையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை வீட்டுக்குரிய முறைக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நாம் நாள்தோறும் பார்க்கப்போகும் நிறம் அதுதான்.

மூன்றாவது, உள்ளிருக்கும் கணினி. கூகுள் டிவி, ஃபயர் டிவி, எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் எனப் பல இயங்குதளங்கள் உண்டு. எதுவாயினும் நினைவகம் 2 ஜிபிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு ஜிபி உள்ள பெட்டிகள் ஈராண்டில் தவழத் தொடங்குகின்றன. இதில் என் கருத்து ஒன்று: திரைத்தகடு ஏழெட்டு ஆண்டுகள் உழைக்கக்கூடியது, மென்பொருள் மூன்று நான்கு ஆண்டுகளில் பழையதாகிவிடும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால் திரைக்கே செலவிடுங்கள். மென்பொருள் மந்தமானால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அதற்காகவே எச்டிஎம்ஐ இணைப்புகள் மூன்றாவது இருக்க வேண்டும். டிஷ் பெட்டி, ஸ்டிக், ஒலிப்பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் இரண்டு போதாது.

விலைக்குப் பிறகும் செலவு தொடரும். நெட்ஃப்ளிக்ஸில் 4கே தரம் உயர்நிலைச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும். அதற்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணையம் வேண்டும். 120 வாட் எடுக்கும் 55 அங்குலப் பெட்டி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 219 யூனிட் மின்சாரம் செலவாகும். நட்சத்திரக் குறியீட்டு ஒட்டியில் ஆண்டு மின்செலவு அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட அந்த எண்ணைப் படிப்பது பயன் தரும்.

‘வட்டியில்லாத் தவணை’யின் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 30,000 ரூபாய் மதிப்புள்ள பெட்டிக்கு இது 3,000 ரூபாய்க் குறைப்பு. இக்குறைப்பினால் பலர் 43 அங்குலத்திலிருந்து 55-க்குத் தாவுகின்றனர். தாவுவதில் தவறில்லை; தாவும் பணம் யாருடையது என்பதே கேள்வி.

எந்தப் பணமும் வட்டியின்றி வருவதில்லை. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, சுழிய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று வங்கிகளுக்குத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது. இன்று ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ எனப்படுவது பெரும்பாலும் வேறு வடிவம்: வட்டி உண்டு, அதற்கு ஈடான தொகையை விற்பனையாளர் விலையில் தள்ளுபடியாகத் தருகிறார். 40,000 ரூபாய்ப் பெட்டியைக் கடன் அட்டையில் ஒன்பது மாதத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். அட்டை வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு. விற்பனையாளர் 2,390 ரூபாய் தள்ளுபடி தருவார். எஞ்சிய 37,610 ரூபாய்க்கு அதே 2,390 ரூபாய் வட்டியாகும். மாதத் தவணை 4,444 ரூபாய். இதுவரை கணக்கு நேரானதே. ஆனால் அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 430 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாயும் அதற்கான வரியும் சேர்ந்தால் 235 ரூபாய். ஆக 665 ரூபாய் கூடுதல்.

இதோடு முடியவில்லை. அதே பெட்டியை உடனடிப் பணத்துக்கு 38,000 ரூபாய்க்குக் கொடுக்கக் கடைக்காரர் இசைந்தால், தவணையில் வாங்குபவர் உண்மையில் கொடுக்கும் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “தவணை எவ்வளவு?” என்பதன்று, “முழுப் பணமும் இன்றே தந்தால் என்ன விலை?” என்பதே. இதைக் கேட்கக் கூச்சப்படுவோரைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கூச்சப்படுவதில்லை.

காத்திருக்க இயலுமாயின் கணக்கைத் திருப்பிப் போடலாம். சனவரியில் மாதம் 4,200 ரூபாய் வீதம் ஒன்பது மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், 6.5 விழுக்காடு வட்டியில் முதிர்வின்போது சுமார் 38,800 ரூபாய் கையில் இருக்கும். அது அக்டோபர், பண்டிகைக் காலத் தள்ளுபடிகள் நடக்கும் வேளை. தவணைக்காரர் மாதம் 4,444 கட்டியதை இவர் 4,200-இல் முடிக்கிறார். கடன் அட்டையின் முழு நிலுவையையும் செலுத்தாமல் சிறும தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போகலாம் என்ற எண்ணம் இருந்தால், அன்றே அதைக் கைவிடுங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கு மேல்.

தவணையே வழி எனில், கடன் நிறுவனத்திடமிருந்து முக்கிய விவர அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். சில்லறைத் தவணைக் கடன்களுக்கு இதை வழங்குவது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். விற்பனையாளர் மேசையில் காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம் என்று தவணைக்குள் நுழைக்கப்பட்டவையும் அதில் தெரிந்துவிடும். நீட்டித்த உத்தரவாதத்தை நான் முற்றாக மறுப்பதில்லை. திரைத்தகடு பழுதானால் மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆனால் தகடு அதில் அடங்குமா, சேவை மையம் தங்கள் ஊரில் உள்ளதா என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்தபின்பே பணம் கொடுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்தபின்

பொருளைக் கொண்டு வருபவர் முன்னிலையிலேயே பிரித்துத் திரையை ஒளிரச் செய்து பாருங்கள். பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளிருக்கும் வெண்ணிற மெத்தைகளையும் எறிந்துவிடாதீர்கள். பணி மாறுதலில் ஊர் ஊராகச் செல்பவன் சொல்கிறேன்: என் முதல் பெரிய திரை, அட்டைப்பெட்டி இல்லாமல் லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவரப்பட்டு, நடுவே ஒரு கீறலோடு இறங்கியது. தொலைக்காட்சியை நிமிர்த்தியே எடுத்துச்செல்ல வேண்டும்.

ஒரு மோசடியையும் சொல்ல வேண்டும். செயலியைத் திரையில் இயக்க ஓர் எண் கேட்கும். அதற்கு உதவி தேடி இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணை அழைப்போர் உண்டு. மறுமுனையில் இருப்பவர் ‘இயக்கக் கட்டணம்’ கேட்பார்; பிறகு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்; பிறகு கணக்கு காலியாகும். உதவி எண்ணைப் பெட்டியுடன் வரும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள். பழைய பெட்டியை மாற்றாகக் கொடுக்கும்போது அதிலுள்ள கணக்குகளை நீக்கித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள். பொருளில் குறை இருந்து விற்பனையாளர் செவிசாய்க்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசித் தவணை கட்டி முடிந்ததும் கடன் முடிவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துக் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிந்தது’ என்று பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரக் கடமைப்பட்டவை. ஊதியக் கணக்கு மாறினால், தவணை பிடிக்கும் ஆணையை அன்றே புதிய கணக்குக்கு மாற்றுங்கள்.

முதலில் சொன்ன தம்பதியர் அந்த நிலுவையை மறுநாளே செலுத்திச் சான்று பெற்றனர். மதிப்பெண் தேறுவதற்கு எட்டு மாதங்கள் ஆயின. அவர்கள் பார்த்து வைத்திருந்த வீடு அதற்குள் வேறொருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. இப்போது வேறொரு பகுதியில், சற்றுத் தொலைவில், ஒரு வீட்டுக்கு எங்கள் கிளையிலேயே கடன் பெற்றுள்ளனர். கூடத்தின் சுவரை அளந்துவிட்டதாக அவர் சொன்னார். பழைய பெட்டியே அதற்குச் சரியாகப் பொருந்துகிறதாம்.