காயும் ஊர், காயாத மலை: போடியில் நீர்வண்ணம் பழக ஒரு வழிகாட்டி

நீர்வண்ணம் பழகலாம் என்று கிளம்புகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லது?" போடிநாயக்கனூர்க்காரர் அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உட்கார்ந்து வரையப்போவது ஊருக்குள்ளா, மேட்டுக்கு மேலா?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று தன் மழையை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுங்காற்றாகத்தான் இறங்குகிறது. ஊருக்குள் ஒரு வானத்தைத் தீட்ட ஆரம்பித்தால், இரண்டாம் முறை பிரஷைத் தோய்த்து வருவதற்குள் முதல் பூச்சின் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். அதே நாளில் மலை மேலே பூப்பாறையிலோ சூரியநெல்லியிலோ தீட்டிய வானம், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஈரமாகவே கிடக்கும். நீர்வண்ணத்தில் எந்த வித்தையும் தாளில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை நம்பித்தான் இருக்கிறது. லண்டனிலோ டெல்லியிலோ இருப்பவர் சொல்லும் "இது சிறந்தது" என்ற பட்டியல், இங்கே ஒரே மலையேற்றத்துக்குள் இரண்டு விதமாகப் பொய்த்துப்போகிறது.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு பொருளைத்தான் தரமாக வாங்க முடியும் என்றால் தாளை வாங்குங்கள். சாதாரண வண்ணம் நல்ல தாளில் சொன்னபடி கேட்கும். உயர்ந்த வண்ணம் மோசமான தாளில் திட்டுத்திட்டாக நிற்கும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாள் இரண்டு பூச்சுத் தண்ணீரிலேயே அப்பளமாக நெளியும். 300 ஜிஎஸ்எம் கனம் இருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் கனம் மட்டும் போதாது, எதனால் செய்தது என்று பாருங்கள். மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலாகவே நின்று சீக்கிரம் ஆறிவிடும். தப்பாக விழுந்த வண்ணத்தை ஈரப் பிரஷால் ஒற்றி எடுப்பது எளிது. ஆனால் மேலே இரண்டாவது பூச்சு போனால் கீழ்ப்பூச்சு கலங்கும். நூறு சதவீதப் பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். மேலே மினுமினுப்பு அடங்கிய பிறகும் உள்ளே ஈரம் இருக்கும். நாலைந்து பூச்சு தாங்கும். போடி வெயிலுக்கு இந்தக் குணம்தான் வேண்டும். மலை மேலே, மழைக்காலத்தில், பருத்தித் தாள் வீண் செலவு என்றுகூடச் சொல்வேன். ஏற்கெனவே காயாத இடத்தில் இன்னும் காயாத தாள் எதற்கு? அங்கே நல்ல மரக்கூழ்த் தாளே போதும். இருபத்தைந்து சதவீதப் பருத்தி என்று அச்சிட்டு வருபவை இரண்டுக்கும் நடுவில். எங்கே உட்காருவோம் என்று தெரியாதவர்களுக்கு அவை.

ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் போன்ற வெளிநாட்டுத் தாள்களின் விலையைப் பார்த்து மிரள வேண்டாம். புத்தகமாகக் கட்டியதை வாங்காமல் 56-க்கு 76 சென்டிமீட்டர் முழுத் தாளாக வாங்கி எட்டாக மடித்துக் கிழித்தால், ஒரு துண்டின் விலை பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். நம் நாட்டில் செய்யும் பருத்திக் கைத்தாள்களும் உண்டு. சித்ரபட் என்ற பெயரில் வருவது பழகுகிறவர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் பார்க்க அழகு. ஆனால் கைத்தாள் எல்லாமே நீர்வண்ணத்துக்கு ஆகிவிடாது. பசை சேர்க்காத தாள் வண்ணத்தை உறிஞ்சித் தள்ளிவிடும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு மணியாக நின்றால் வாங்கலாம், உடனே பரவிக் கறுத்தால் கடிதம் எழுத வைத்துக்கொள்ளலாம்.

தாளின் முகம் மூன்று விதம்: சொரசொரப்பு, நடுத்தரம், வழவழப்பு. கடையில் ரஃப், கோல்ட் பிரஸ்டு, ஹாட் பிரஸ்டு என்பார்கள். மலைக்கும் மூட்டத்துக்கும் நடுத்தரம். ஏலச்செடியை வரையப்போகிறீர்கள் என்றால் மட்டும் வழவழப்புத் தாள். ஏலப்பூ செடியின் உச்சியில் பூக்காது. தூரிலிருந்து புறப்படும் சரத்தில், தரையை ஒட்டிப் பூக்கும். வெள்ளை உதட்டில் ஊதா நரம்புகள். அந்த நரம்பைச் சொரசொரப்புத் தாளில் இழுக்க முடியாது, மேடுபள்ளத்தில் கோடு அறுந்துபோகும்.

செடியை இப்படி வரைவதற்கு நம் பக்கத்தில் ஒரு பெரிய முன்னோடி மரபு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக இருந்த ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய 'ஐகோன்ஸ்' நூலில் மட்டும் 2,101 படத்தகடுகள். ஒரு ஆர்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார் வைட். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார ஆய்வாளர் ஒருவர் தன்னிடம் வேலை செய்த ஓவியருக்குச் செய்த மரியாதைகளில் இது அபூர்வம். வீட்டில் பழகுகிறவர் அந்த மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை: முதலில் பென்சில் கோடு, பிறகு மெல்லிய பூச்சு, அது முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. இது நிதானமான வேலை. காய்வது எவ்வளவு வேகமோ அவ்வளவு லாபம். ஆகவே செடி வரைய ஏற்ற இடம் தோட்டமல்ல, போடி வீட்டுத் திண்ணை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் சொல்லி ஒரு சரத்தை ஈரத்துணியில் சுற்றி வாங்கி வந்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். போடியின் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைப்பது கேமல் வில்லைப் பெட்டி. குழந்தைகளுக்குச் சரி. வில்லை இறுகிக் கிடப்பதால் பிரஷை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும், பிரஷ் நுனி போய்விடும், வண்ணமும் வெளிறியே வரும். அதே கம்பெனியின் டியூப் இதைவிட எவ்வளவோ மேல். ஆர்ட்டிஸ்ட் என்று தனியாக வருவது அதற்கும் மேல். காட்மன் போன்ற வெளிநாட்டு மாணவர் தரத்துக்குப் போவதா, கேமல் ஆர்ட்டிஸ்ட் டியூபா என்று தடுமாறினால் பெயரை விடுங்கள், டியூபின் முதுகைப் படியுங்கள். ஒரே நிறமியால் செய்ததற்கு ஒரே குறியீடு இருக்கும்: அல்ட்ராமரீன் நீலத்துக்கு பி.பி. 29, தாலோ நீலத்துக்கு பி.பி. 15. குறியீடே அச்சிடாத டியூபையும், மூன்று நான்கு நிறமி கலந்த டியூபையும் தவிருங்கள், கலக்கும்போது சேறாகும்.

இருபத்து நான்கு நிறப் பெட்டி வாங்குவது ஆசை, தேவை அல்ல. எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா இருந்தால் இந்த மலையை வரைந்துவிடலாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் சாம்பல்தான் குரங்கணிப் பக்கத்து மழைமேகம். பச்சையை டியூபிலிருந்து நேராக எடுத்துத் தேயிலைக்கும் ஏலத்துக்கும் பூசாதீர்கள். பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கும். மஞ்சளும் அல்ட்ராமரீனும் கலந்து, நிழல் மரத்தடிக்குப் போகப் போக பர்ன்ட் சியன்னா கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிரஷியன் நீலமும் தாலோ நீலமும் தாளில் ஊறிக் கறையாகிவிடும், எடுக்க வராது. அல்ட்ராமரீன் தாளின் மேலேயே தங்கும்; ஈரப் பிரஷும் டிஷ்யூ தாளும் இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். மூட்டத்தைத் தீட்டுவதில்லை, தீட்டியதிலிருந்து எடுக்கிறோம். ஆகவே மூட்டம் வரைய விரும்புகிறவர் மலைக்கு எடுத்துப்போக வேண்டியது அல்ட்ராமரீன்.

வில்லையா டியூபா என்பதற்கும் பதில் இடத்தில்தான் இருக்கிறது. போடியில் தட்டில் பிதுக்கி வைத்த டியூப் வண்ணம் சிலசமயம் வெடித்துச் சில்லுச்சில்லாகப் பெயரும். தெளிப்பான் பாட்டில் பக்கத்தில் வேண்டும். மலையில் நேர்மாறு. தேன் சேர்த்துச் செய்யும் உயர்ந்த வண்ணங்கள் அங்கே இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும், மூடிவைத்தால் பூஞ்சைகூடப் பிடிக்கும். மலைக்குச் சாதாரண வில்லையே தேவலை. பஸ்ஸில் போகிறவர்கள் பெட்டியை நன்றாகக் காயவைத்துவிட்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் பதினேழாவது வளைவுக்குள் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும்.

பிரஷில் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. கூர்நுனி உள்ள வட்டப் பிரஷ் எட்டு அல்லது பத்தாம் எண்ணில் ஒன்று, ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று. அணில் முடியில் செய்த மாப் பிரஷ் தண்ணீரை நிறையப் பிடித்துவைக்கும், ஊருக்குள் வானம் தீட்ட அதுவே வசதி. மலையில் அது வெள்ளம் விடும். அங்கே தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் செயற்கை முடியே கட்டுப்பாடு தரும். ஆனால் ஒன்று. வேர்ப்பக்கமும் நுனியும் கறுத்து நடுவில் வெளிறிய முடி உள்ள பிரஷை யாராவது "ஸ்பெஷல்" என்று காட்டினால் வாங்காதீர்கள். அது கீரி முடியாக இருக்கலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடி பிரஷ் விற்பது குற்றம், கையில் வைத்திருப்பதும் வம்பு. கலவைத் தட்டுக்கு எவர்சில்வர் ஆகாது, மினுமினுப்பில் நிறம் ஏமாற்றும். பழைய வெள்ளைப் பீங்கான் தட்டு போதும்.

இனி முறைகள். ஈரத் தாளில் ஈர வண்ணம், காய்ந்ததன் மேல் ஈர வண்ணம் என்ற இரண்டுக்குள் மற்றதெல்லாம் அடங்கும். போடியில் முதல் முறையைப் பழக வேண்டுமா? முதலில் மின்விசிறியை அணையுங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் நனைத்துக் கண்ணாடி மேலோ மைக்கா பலகை மேலோ ஒட்டவைத்தால் ஈரம் கூடுதல் நேரம் தாங்கும். மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு கப் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டாலும் காய்வது தாமதப்படும். இந்தக் கிளிசரின் பாட்டிலை மட்டும் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஊரிலிருந்து பார்த்தால் மலை மேற்கே. காலையில் வெயில் நேராக விழுந்து ஒவ்வொரு மடிப்பும் பாறையும் தெரியும். காய்ந்ததன் மேல் அடுக்கி வரைய ஏற்ற நேரம். மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது தெரிவது மடிப்புகளல்ல, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தட்டையான நீலத் திரைகள். தொலைவில் உள்ளதை வெளிறலாகப் பூசி, காயவைத்து, முன்னால் உள்ளதைச் சற்று அழுத்தமாகப் பூசினால் மூன்று பூச்சில் படம் முடிந்தது. புதிதாகப் பழகுகிறவர் இந்த மாலைக் காட்சியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. எல்லோரும் பூவிலிருந்து தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மலை மேல் இருந்தால் ஈரத்தோடு சண்டை போட வேண்டாம். தாளை நனைத்துச் சாய்த்து, வண்ணத்தைத் தொட்டு விட்டுவிடுங்கள், மூட்டத்தை அதுவே செய்யும். ஏலக்காய் ஸ்டோரில் காயோடு காயாகப் படத்தையும் உலர்த்தலாமே என்று யாருக்காவது தோன்றும். பச்சைக்காய்க்கு ஐம்பது டிகிரி சூடு பொருந்தும்; ஈரத்தாள் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். இன்னொரு வழி டேனியல் ஓவியர்களுடையது. 1792-இல் மதுரை வழியாகத் தெற்கே போன தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வழியில் பென்சில் கோடும் மெல்லிய பூச்சுமாக எடுத்துக்கொண்டார்கள்; அச்சுப் படங்களாக முடித்தது பிற்பாடு, லண்டனில். நமக்கு லண்டன் வேண்டாம், போடி போதும். மேலே கோடும் ஒரே ஒரு பூச்சும். மிச்சம் கீழே இறங்கி வந்து.

வித்தைகளில் கல்லுப்புத் தூவுவது எல்லோரும் முதலில் ஆசைப்படுவது. பூச்சின் மினுமினுப்பு அடங்கத் தொடங்கும்போது தூவினால் நட்சத்திரம் போலப் பூக்கும். போடியில் அந்தத் தருணம் கண்ணிமைக்கும் நேரம்தான். மலையில் தாராளமாக நேரம் கிடைக்கும், ஆனால் தாளில் தங்கிய உப்பு ஒவ்வொரு மழைக்காலமும் ஈரம் இழுத்துக் கசியும். இரண்டு இடத்திலும் நம்பகமானது மெழுகுவத்தி: வெள்ளையாக விட வேண்டிய அருவியில் தேய்த்துவிட்டு மேலே வண்ணம் பூசுங்கள். ரப்பர் பாலில் செய்த மாஸ்கிங் திரவம் துல்லியமானது; ஆனால் வெயிலில் அதிக நேரம் விட்டால் உரிக்கும்போது தாளையும் சேர்த்து உரிக்கும்.

கடைச் சாமான் வேண்டாம், மஞ்சள்தூளிலும் தேயிலை டிகாக்ஷனிலும் வரைகிறேன் என்கிறவர்களுக்கு: மஞ்சள் அழகாக வரும், வெளிச்சத்தில் சீக்கிரமே வெளிறும். தேயிலை நல்ல பழுப்பு; நிலைக்கும் என்று நம்பி மாட்டிவைக்க முடியாது. நிலைப்பது மண். மலைச் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, அடியில் படிந்த நைஸான வண்டலைக் காயவைத்து நாட்டு மருந்துக்கடைப் பிசினோடு குழைத்தால், இரும்புத்துருவின் நிறம் பல்லாண்டு நிற்கும்.

மீதித் தாளை எங்கே வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. தாளில் ஊட்டிய பசை ஈரப்பதத்தில் கெட்டுப்போகும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, பூசும்போதுதான் அங்கங்கே வண்ணம் உறிஞ்சிக் கரும்புள்ளி விழும். மலைத்தோட்ட வீடுகளில் ஒரே மழைக்காலத்தில் இது நடக்கலாம். சுவரில் சாய்க்காமல், பாலிதீன் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மர அலமாரியின் மேல்தட்டில் படுக்கவையுங்கள். கெட்டுப்போன தாளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. போஸ்டர் கலருக்கும் பென்சிலுக்கும் அது தாராளமாக ஆகும்.