குயில்ட் போட்டிக்கு அனுப்புமுன் நீங்களே நடுவராகுங்கள்

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் குயில்ட் போர்வைக்கு அமெரிக்காவின் கவுண்டி சந்தைகளில் தனிப் போட்டியே உண்டு. டிசைன் நடுவரின் கண்ணை இழுக்கும். பரிசை முடிவு செய்வது பெரும்பாலும் தையல் சுத்தம்தான்.

முதலில் விதிகளைப் படியுங்கள். கைத்தையலா, மெஷினா, எந்த அளவுப் பிரிவு, தைத்தவர் யார் என்று பார்த்து நிரப்புங்கள். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய குயில்ட் போட்டியில் முதல் பரிசு வாங்கிய குயில்டை, அனுப்பியவர் தைக்கவே இல்லை; தைத்த பெண்களுக்குப் பரிசில் பங்கும் இல்லை. அந்த அநியாயம் உங்கள் படிவத்தில் வேண்டாம். உதவியவர் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்து, குயில்டைச் சுவரில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பார்டர் அலை அலையாக நெளிகிறதா? பார்டர் துணியை அளக்காமல் ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். குயில்டின் நடுவில் அளவெடுத்து, அந்த அளவுக்கே பார்டரை வெட்ட வேண்டும்.

இனி கிட்டே வாருங்கள். ஓரப்பட்டியில்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டியைப் பிடித்து நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். பஞ்சு கடைசி வரை நிறைந்திருக்க வேண்டும். வெறும் துணியாகத் தொளதொளத்தால் நடுவரின் விரலுக்கு உடனே தெரியும். மூலை சரியான செங்கோணமாக நிற்கட்டும். மூலை மடிப்பை இருபுறமும் தைத்து மூடுங்கள்.

நட்சத்திர முனைகள் வெட்டுப்படாமல் கூர்மையாக இருக்கின்றனவா, வெள்ளைத் துணிக்கு அடியில் கறுப்புத் துணியின் தையல் விளிம்பு நிழலாகத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரியும் விளிம்பை மேல்துணி தைக்கும்போதே நறுக்கிவிடுவது நல்லது. பிறகு திருப்பிப் போடுங்கள். முடிச்சும் நூல் பிசிறும் பின்பக்கம் தெரியக் கூடாது. கைத்தையல் பொடியாக இருப்பதைவிடச் சீராக இருப்பதே முக்கியம்.

பென்சில் கோடு, நாய் பூனை முடி, சிகரெட் வாசனை எதுவும் வேண்டாம். விதியில் கேட்டால், பின்பக்கம் மேலே தொங்கவிடுவதற்கான நாலங்குல உறையைத் தைத்து, பெயர்ச்சீட்டைத் துணியால் மறையுங்கள்.

நடுவரின் குறிப்புத்தாள் தரும் போட்டியானால், பரிசு கிடைக்காவிட்டாலும் அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.