கிட்வாய் நகரில் ஒரு சனிக்கிழமை: அயலூரில் பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுதல்

தில்லிக்கு மாறுதல் ஆணை பெற்று வருவோருக்கு முதல் மாதத்தில் வேலைகளுக்குக் குறைவில்லை. குடியிருப்பு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். எரிவாயு இணைப்பு பெற வேண்டும். வங்கிக் கிளைக்குச் சென்று முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின் வருகின்ற முதல் சனிக்கிழமைதான் கடினமானது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985 முதல் வாரத்தில் ஐந்து நாள்களே வேலை. ஆகவே இரண்டு முழு நாள்கள் வெறுமையாக முன்னே நிற்கின்றன. சொந்த ஊரில் அந்த நாள்களை நிரப்ப நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உறவினர் வீட்டு வளைகாப்பு, கோயில், தெருமுனையில் நின்று பேசும் நண்பர் என்று அவை தாமாகவே நிரம்பிவிடும். அயலூரில் நாமாகத் தேடிச் சென்றாலன்றி ஒன்றும் நம்மைத் தேடி வருவதில்லை.

தென்தில்லியில் உள்ள கிட்வாய் நகரை எடுத்துக்கொள்வோம். அரவிந்தர் சாலைக்குக் கிழக்கிலும் மேற்கிலுமாக அமைந்த இக்குடியிருப்பில் பல்லாண்டுகளாக மத்திய அரசு ஊழியர்கள் வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் தமிழர்களும் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராயிருந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரே இதற்குச் சூட்டப்பெற்றுள்ளது. அவர் காலத்தில், 1949இல், இரவு வான்வழி அஞ்சல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. வீட்டுக் கடிதத்திற்காகக் காத்திருந்த அன்றைய தில்லித் தமிழருக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று கடிதத்திற்குக் காத்திருப்பாரில்லை. கைப்பேசி ஊரை நாள் முழுதும் கைக்குள் கொண்டுவந்து தருகிறது. சனிக்கிழமையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதும் அதுவே. ஊர்ச் செய்தி, உறவினர் குழு, பழைய திரைப்படம் என்று மாலை கழிந்துவிடும். இது பொழுதைக் கழிப்பதேயன்றிப் பொழுதுபோக்கு ஆகாது என்பது நமது கருத்து. இவ்வாறு மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டு, எதிர்வீட்டாரின் பெயரும் அறியாமல் அடுத்த ஊருக்கு மாறிச் சென்றவர்கள் பலர். முற்காலக் குடியிருப்புகள் தாழ்ந்த அடுக்கு வீடுகளாயிருந்தமையால் குளிர்கால வெயிலில் முற்றத்தில் அமர்ந்து பேசுகின்ற வழக்கமேனும் இருந்தது. கிழக்குக் கிட்வாய் நகரின் ஏறத்தாழ 86 ஏக்கர் நிலத்தில் இப்போது எழுந்துள்ள உயர்ந்த கோபுரக் கட்டடங்களில் லிப்ட் நேராக வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. வசதி பெருகிற்று, எதிர்ப்படும் முகங்கள் குறைந்தன.

எனவே அயலூரில் ஒரு பொழுதுபோக்கைத் தெரிந்தெடுக்கும்போது, "எனக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்வியோடு நின்றுவிடுதல் போதாது. "ஒரு வாரம் நான் போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பவர் இருப்பாரா?" என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குறித்த நாள், குறித்த இடம், நம்மை எதிர்பார்க்கும் இரண்டு மூன்று பேர் ஆகிய இவை அமைந்தால் எளிய பொழுதுபோக்கும் வேரூன்றிவிடும். இவை இல்லாதபோது விலையுயர்ந்த புகைப்படக் கருவியும் அலமாரிக்குள் போய்விடும். தனியே செய்யும் பொழுதுபோக்குகளைக் குறைத்துச் சொல்கிறோம் என்று வாசகர்கள் எண்ண வேண்டா. தையலும் வாசிப்பும் ஓவியமும் சிறந்தவையே. ஆயினும் புதிய ஊரில் முதலாண்டில், வீட்டைவிட்டு நம்மை வெளியே அழைத்துச் செல்வது ஒன்றேனும் வேண்டும்.

அதனைத் தாய்மொழியில் தொடங்குவதா, ஊரின் மொழியில் தொடங்குவதா என்பது பலருக்கும் எழும் ஐயம். "தமிழர்களோடு மட்டும் பழகினால் இந்தி எப்போது வரும்?" என்று கேட்பவருண்டு. அது நியாயமான கேள்வியே. எனினும், வாரத்தில் ஐந்து நாள்கள் அலுவலகத்திலும் சந்தையிலும் பேருந்திலும் அயல்மொழியில் தட்டுத் தடுமாறிக் களைத்தவருக்கு, ஆறாம் நாளில் சொல் தேடாமல் பேசுவதற்கு ஓரிடம் வேண்டும். ஆகவே தாய்மொழியில் தொடங்குவதே நலம். முதற் குளிர்காலம் வருவதற்குள் ஊரின் மொழியில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டால் போதுமானது.

தமிழில் தொடங்க விரும்புவோருக்குக் கிட்வாய் நகர் வாய்ப்பான இடம். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் இராமகிருஷ்ணபுரம் ஐந்தாம் செக்டாரில் சொந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. அங்கு நூலகமும் அரங்கமும் உள்ளன. 1923இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று, பக்கத்திலேயே உள்ள இலட்சுமிபாய் நகரில் இருக்கிறது. மலை மந்திர் என்று தில்லி மக்கள் அழைக்கின்ற உத்தர சுவாமிமலைக் கோயிலும் இராமகிருஷ்ணபுரத்திலேயே உள்ளது. இவ்விடங்களுக்குச் செல்வோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு நல்ல மாலை கிடைக்கும், பழக்கம் கிடைக்காது. அரைமணி நேரம் முன்னதாகச் சென்று நாற்காலிகளை வரிசைப்படுத்த உதவுபவருக்கு அன்றே நான்கு பேர் அறிமுகமாகிவிடுவர்.

அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதைக் கொண்டு தில்லித் தமிழர்கள் எத்தகைய காரியங்களைச் செய்தார்கள் என்பதற்குத் தமிழிலக்கியமே சான்று. 'கணையாழி' இதழ் 1965இல் தோன்றியது சென்னையிலன்று, தில்லியில். அதனைத் தொடங்கிய கஸ்தூரிரங்கன் ஓர் அமெரிக்க நாளிதழுக்குத் தில்லிச் செய்தியாளராயிருந்தவர். வானொலி நிலையத்தில் பணியாற்றிய தி. ஜானகிராமன், பல்கலைக்கழகத்தில் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, நேஷனல் புக் டிரஸ்டில் பணிபுரிந்த ஆதவன் ஆகியோரும் பகலில் ஒரு பதவியும் மாலையில் ஒரு பேனாவுமாகத் தில்லியில் வாழ்ந்தவர்களே. ஆதவனின் 'காகித மலர்கள்' தில்லி வாழ்க்கையையே களமாகக் கொண்ட நாவல். எல்லோரும் எழுத்தாளராக வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. மாதம் ஒரு நூலை ஐந்து பேர் படித்துவிட்டு, ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவதற்கு எந்த அமைப்பும் வேண்டுவதில்லை. தேநீரும் ஒரு தட்டு முறுக்கும் போதும். (முறுக்கின் தரம் குறைந்தாலும் விவாதத்தின் தரம் குறைவதில்லை என்பது நமது அனுபவம்.)

இனி ஊரின் மொழிக்கு வருவோம். அயலூர் வாழ்வில் பொழுதுபோக்கு ஒன்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு, தில்லியில் ஒருகாலத்தில் வாழ்ந்த ஓர் அயல்நாட்டாரே நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹோரஸ் அலெக்சாந்தர் குவேக்கர் சமயப் பிரிவினர், காந்தியடிகளின் நண்பர், 1947 ஆகஸ்டில் கல்கத்தாவில் அவருடன் இருந்தவர். சமாதானப் பணிக்காக இந்தியாவுக்கு வந்த அவருக்கு இளமை முதலே பறவை நோக்குதலில் பெருவிருப்பம். சென்ற இடமெல்லாம் அதனையும் தம்முடன் கொண்டு சென்றார். 1950இல் இராணுவப் பொறியாளரான ஹரால்டு வில்லியம்ஸ் என்பவருடன் சேர்ந்து தில்லிப் பறவை நோக்குவோர் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் பிரதமரான இந்திரா காந்தியும் அதில் உறுப்பினராயிருந்தார். அச்சங்கத்தினரின் குறிப்புகள் ஆண்டுதோறும் சேர்ந்தன. அவ்வழியில் வந்த உஷா கங்குலி தில்லி வட்டாரப் பறவைகளைப் பற்றி எழுதிய கையேடு 1975இல் வெளியாயிற்று. அலெக்சாந்தர் நூறு வயது வாழ்ந்து 1989இல் மறைந்தார். அவர் கொண்டுவந்த பழக்கம் தில்லியில் இன்றும் நின்று நிலவுகிறது. குளிர்கால ஞாயிறுகளில் ஓக்லா சரணாலயத்திலும் லோதி தோட்டத்திலும் கழுத்தில் பைனாகுலர் தொங்க நிற்பவர்களைக் காணலாம்.

கிட்வாய் நகரிலிருந்து லோதி தோட்டம் தொலைவன்று. ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமான ஜோர்பாகில் இறங்கி நடந்துவிடலாம். அத்தி, ஆல் மரங்களில் சாம்பல் இருவாச்சியைக் காண்பது தில்லியில் அரிதன்று. சிறு சுத்தியலால் செம்பைத் தட்டுவது போல் விடாமல் ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான்; கோடையில் குடியிருப்பு மரத்திலேயே அதன் குரலைக் கேட்கலாம்.

பறவை பறந்துவிடும், மரம் நமக்காக நிற்கும். ஆதலால் தொடக்கக்காரருக்கு மரங்களையே நாம் முதலில் பரிந்துரைப்போம். பிரதீப் கிருஷன் எழுதி 2006இல் வெளிவந்த தில்லி மரங்கள் பற்றிய ஆங்கில நூல் இதற்குத் துணை செய்யும். தமிழருக்கு இதில் இன்னுமோர் இன்பம் உண்டு. புதிய ஊரில் காணும் மரங்களுள் பல நமக்கு முன்பே அறிமுகமானவை. இங்கு நீம் என்பது நமது வேம்பு. பீப்பல் என்பது அரசு. ஜாமுன் என்பது நாவல். அர்ஜுன் என்பது மருது. செமல் என்பது இலவு. மே மாத வெயிலில் தெருவையே மஞ்சளாக்கும் அமல்தாஸ் வேறன்று, நமது சரக்கொன்றைதான். ஒரு மரத்தின் அடியில் நின்று அதன் பெயரைக் காவலாளியிடமோ தோட்டக்காரரிடமோ கேட்டால் பெயரோடு ஒரு கதையும் வரும். இந்தியை இவ்வாறு கற்பவருக்கு இலக்கண நூலின் அச்சம் இருப்பதில்லை.

தில்லியின் பருவங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளியில் திரியும் பொழுதுபோக்குகளுக்கு அக்டோபர்த் தொடக்கமும், பிப்ரவரி முதல் மார்ச் முடியவும் மிகச் சிறந்தவை. நவம்பரில் காற்று மாசு கடுமையாகும் நாள்களில், குறிப்பாக முதியோரும் ஆஸ்துமா உள்ளோரும், அதிகாலை நடையைத் தவிர்த்தல் வேண்டும். மே, ஜூன் மாதங்களில் காலை ஆறரை மணிக்கே வெயில் ஏறிவிடும். அக்காலங்களுக்கென்று உள்ளிருந்து செய்யத்தக்க ஒன்றை வைத்துக்கொள்வது அறிவுடைமை. மண்டி ஹவுஸ் அருகே தான்சேன் சாலையில் உள்ள திரிவேணி கலா சங்கமத்தில் நடனமும் இசையும் ஓவியமும் கற்பிக்கப்படுகின்றன. வீட்டுக்கு அருகிலேயே வேண்டுமென்றால், மேற்குக் கிட்வாய் நகரை ஒட்டிய தில்லி ஹாட் இருக்கிறது. மூடப்பட்ட ஒரு கால்வாயின் மேல் 1994இல் அமைந்த இச்சந்தையில் கைவினைஞர்கள் முறைவைத்துக் கடை பெறுகின்றனர். பொருள் வாங்கும் இடமாக மட்டுமே பலரும் அதனைக் கருதுகின்றனர். கூட்டம் குறைந்த வார நாள் மாலையில் சென்று ஒரு மதுபனி ஓவியர் கோடு இழுப்பதை அரைமணி நேரம் பார்த்திருப்பவர், கோலம் போடத் தெரிந்தவராயின், அன்றிரவே தாளும் மையும் எடுத்து அமர்ந்துவிடுவார்.

இதுவரை மாறுதல் பெற்று வந்தவரைப் பற்றியே பேசினோம். உண்மையில் அவருக்கு அலுவலகமேனும் உண்டு. வேலையை விட்டுவிட்டு உடன் வந்த துணைவிக்கும், ஊரில் தனித்திருக்க வேண்டாம் என்று மகன் அழைத்துவந்த தாய்க்கும் சனிக்கிழமை மட்டுமன்றி ஏழு நாள்களும் வெறுமையே. "அம்மாவுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை" என்று சொல்லும் மகன்கள், அம்மா கடைசியாக யாரோடு கால்மணி நேரம் பேசினார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவருக்குப் பொழுதுபோக்கைத் தேடுகையில், அவர் என்ன கற்கலாம் என்பதைவிட அவருக்கு என்ன தெரியும் என்பதே பயன்படும் கேள்வி. தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுள் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதோர் பலர். அடுத்த கோபுரத்திலுள்ள இரண்டு குழந்தைகள் செவ்வாய் மாலைதோறும் வந்து "பாட்டி, இன்றைக்கு எந்த எழுத்து?" என்று கேட்டால், அந்தப் பாட்டிக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் உண்டாகிவிடும். ஐ.என்.ஏ. சந்தையில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடைக்கும். வாழைப்பூவை ஆய்வது எப்படி என்று வடநாட்டு அண்டை வீட்டாருக்குக் காட்டுவதும் ஒரு வகுப்புதான்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்விதழுக்குப் பொருந்தாது. புதிய ஆர்வத்தின் வேகத்தில் முதல் வாரமே வீணையோ பைனாகுலரோ கடன் அட்டையில் வாங்குவது பெரும்பாலும் வருத்தத்தில் முடியும். மூன்று மாதம் இரவல் கருவியில் பழகுங்கள். அதே மூன்று மாதத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றையும் தொடங்கிவிடுங்கள். மாதம் 500 ரூபாய் வீதம் பத்து மாதங்களில் 5,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேரும். ஆர்வம் நிலைத்திருந்தால் கருவி வாங்கலாம். தணிந்திருந்தால் சேமிப்பு மிஞ்சும். கருவி வாங்குகையில், மாறுதல் ஆணை மீண்டும் வரும் என்பதையும், லாரியில் ஏற்றினால் எது உடையும் என்பதையும் நினைவிற் கொள்க.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ செல்லும் வாடிக்கையாளர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: பல நாடுகளில் அனுமதியின்றிக் கூட்டம் நடத்துவதும் நிதி திரட்டுவதும் சட்டப்படி குற்றம். அங்கு, முன்பே பதிவு பெற்ற தமிழ் அமைப்பின் வழியாகச் செல்வதே பாதுகாப்பானது.

முதல் வாரம் எங்கு சென்றாலும் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். எல்லோரும் தமக்குள் பேசிக்கொள்வார்கள். நாம் அறிவிப்புப் பலகையைப் படிப்பது போல் நின்றிருப்போம். இரண்டாம் வாரமும் பெரிதாக மாறாது. பலர் இங்கேதான் நின்றுவிடுகின்றனர். மூன்றாம் வாரமும் சென்றுவிடுங்கள். "போன வாரம் அந்த மரத்தைப் பற்றிக் கேட்டீர்களே" என்று யாரேனும் ஒருவர் பேச்சைத் தொடங்குவார்.