பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்த கிருமி: மேரி பார்பரின் ஆய்வுப் பணி

காயத்தில் சீழ் பிடித்த நோயாளியிடமிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதும், உடனிருக்கும் உறவினர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆவது ஏன்? இருப்பதிலேயே வலிமையான ஆன்டிபயாடிக்கை முதலிலேயே கொடுத்துவிட்டால் என்ன? லண்டனில் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்த பணியில் இவற்றுக்கு விடை இருக்கிறது.

அவர் பெயர் மேரி பார்பர், 1911-இல் பிறந்தவர். ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் அவர் ஆராய்ந்த கிருமி ஸ்டாபிலோகாக்கஸ். நலமாயிருக்கும் பலருடைய மூக்கிலும் தோலிலும் அது தீங்கு செய்யாமல் குடியிருக்கும். அறுவைப் புண்ணுக்குள்ளோ இரத்தத்துக்குள்ளோ புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பெனிசிலின் பரவலாகக் கிடைத்தபோது, இக்கிருமியின் கதை முடிந்தது என்றே பலர் எண்ணினர். ஆனால் 1946-இல் அம்மருத்துவமனையில் பிரித்தெடுத்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 14 பெனிசிலினுக்கு அடங்கவில்லை. 1947-இல் அது 38 ஆயிற்று; 1948-இல் பாதியைத் தாண்டியது.

மருந்து உட்கொள்ளும் நோயாளியின் உடலுக்குள்ளேயே கிருமி மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். பார்பர் அவ்வாறு முடிவு செய்யவில்லை. அடங்காத இக்கிருமிகள் பெனிசிலினைச் சிதைக்கும் ஒரு நொதியைச் சுரப்பதை அவர் கண்டார். பின்னர், எந்த வைரஸ் எந்தக் கிருமியை அழிக்கிறது என்பதைக் கொண்டு கிருமிகளை வகைப்படுத்தும் முறையைக் கையாண்டார். வெவ்வேறு நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில் பல ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. அதாவது, அவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றவை. பெனிசிலின் மற்றக் கிருமிகளை அழித்து, இவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் இத்தொற்று பரவியதைப் பற்றியும் 1949-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் எழுதினர்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நான் மாத்திரையை ஒழுங்காகத்தானே சாப்பிட்டேன், எனக்கு ஏன் மருந்து கேட்கவில்லை?’ என்று வருந்தும் நோயாளிகள் பலர். குற்றம் அவர்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஒருவரின் புண்ணைத் தொட்ட கை, கழுவப்படாமல் அடுத்தவரைத் தொட்டாலே போதும். அந்தக் கை மருத்துவருடையதாகவும் இருக்கலாம், செவிலியருடையதாகவும் இருக்கலாம், பார்க்க வந்த உறவினருடையதாகவும் இருக்கலாம். எங்கள் கைகளைக் கழுவச் சொல்லி நீங்கள் நினைவூட்டினால் நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

1950-களின் இறுதியில் ஹாமர்ஸ்மித்தில் பார்பரும் உடன் பணியாற்றியோரும் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தனர். பெனிசிலின் தருவது குறைக்கப்பட்டது. ஆன்டிபயாடிக் தேவைப்பட்ட இடங்களில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தனர். தொற்று பரவாமல் தடுக்கும் முறைகளும் கடுமையாயின. மருந்துக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் தொற்றுகள் குறைந்தன. 1960-இல் வெளியான அந்த முடிவு எங்களுக்கு இன்றும் நம்பிக்கை தருவது. ஏறிய எண்ணிக்கை இறங்கவும் கூடும் என்பதை ஒரு மருத்துவமனை செய்து காட்டியது. எனினும் புது மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. மெத்திசிலின் என்ற மருந்து பிரிட்டனில் வந்த சிறிது காலத்திலேயே, 1961-இல், அதற்கும் அடங்காத கிருமி அங்கே கண்டறியப்பட்டது. பார்பர் 1965-இல் கார் விபத்தொன்றில் இறந்தார்.

இனி, உங்கள் கைக்கு வரும் கல்ச்சர் அறிக்கைக்கு வருவோம். கிருமி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர ஏறத்தாழ ஒரு நாளும், மருந்துகளோடு அதை வைத்துச் சோதிக்க மற்றொரு நாளும் ஆகும். மருந்தின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அதற்கு அடங்கும்; ‘ஆர்’ என்றிருந்தால் அடங்காது. ‘எஸ்’ பெற்ற மருந்துகள் பல இருக்கும்போது, அவற்றுள் மிக வலிமையானதை மருத்துவர் தவிர்ப்பது சிக்கனத்துக்காக அன்று. அது பிறகு தேவைப்படும்போது வேலை செய்ய வேண்டும் என்பதற்காக.

கடுமையான தொற்று என்றால் அறிக்கைக்காகக் காத்திருப்பதில்லை; மாதிரி எடுத்தவுடன் மருந்து தொடங்கிவிடும். அறிக்கை வந்தபின் அம்மருந்தை மாற்றினாலோ நிறுத்தினாலோ, முதலில் தந்தது தவறு என்று பொருளன்று. ஏன் மாற்றினீர்கள் என்று வார்டு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்த வேண்டாம்.